கடல் ஏறுதா, தரை இறங்குதா? ஆயா கேட்ட கேள்விக்கு எதுக்கு இத்தன நாடு சேரணும்

ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட்டு விடுற அன்னிக்கு எங்க திருவொற்றியூர் பக்கம் பாதி ஜனம் மாடியில தான் இருக்கும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீட்டமா கிடக்குற தீவு தான் ஸ்ரீஹரிகோட்டா, எங்களுக்கு அது பக்கத்து ஊரு மாதிரி. 2025 ஜூலை 30 சாயங்காலம் 5.40க்கு ஜிஎஸ்எல்வி எஃப்16 கிளம்புச்சு, அதுல போனது நிசார்னு ஒரு சேட்டிலைட், நாசாவும் இஸ்ரோவும் சேந்து செஞ்சது. எங்க ஆயா கேட்டாங்க, "இன்னாத்துக்குடா இது மேல போவுது?" நான் சொன்னேன், பூமிய அளக்க ஆயா, தரை எங்க ஏறுது எங்க இறங்குதுன்னு சென்டிமீட்டர் கணக்குல சொல்லுமாம்னு. ஆயா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அப்ப கடலு நம்மூட்டாண்ட வந்துகினே கீதே, அது ஏன்னு அத்த கேட்டு சொல்லு"ன்னாங்க.

ஆயா பொறந்த வூடு இப்ப இல்ல. அந்த தெருவும் இல்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்துல கல்லு கொட்டி வெச்சிருக்காங்கல்ல, அதுக்கும் அந்தாண்ட, இப்ப அலை அடிக்கிற இடத்துல இருந்த தெரு அது. அதனால கேள்வி சும்மா கேட்டது இல்ல. அன்னையிலருந்து இத நான் படிச்சுக்கிட்டே இருக்கேன், படிக்க படிக்க ஒண்ணு புரிஞ்சுது, ஆயாவோட ஒரு வரி கேள்விக்கு பதில் சொல்றதுக்கு ஒரு நாட்டால முடியாது. ஏன் முடியாதுன்னு தான் இங்க எழுதுறேன், சயின்ஸ் படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி.

முதல்ல "பூமியின் மேற்பரப்பு"ன்னு சொன்னா என்ன. காலுக்கு கீழ இருக்குற மண்ணு மட்டும் இல்ல. மரத்து உச்சிக் கொழுந்துல ஆரம்பிச்சு, மரம், மண்ணு, மண்ணுக்குள்ள இருக்குற வேரு, புழு, அதுக்கு கீழ பாறை இடுக்கு, அதுக்கும் கீழ நிலத்தடித் தண்ணி, அந்த தண்ணியோட அடி வரைக்கும் எல்லாம் சேந்தது. இத ஒரே பொருளா பாக்கணும்னு 2001ல அமெரிக்காவுல விஞ்ஞானிங்க ஒரு அறிக்கையில எழுதி, அதுக்கு கிரிட்டிக்கல் சோன்னு பேரு வெச்சாங்க. பழத்துக்கு தோலு மாதிரி மெல்லிசா தான் இருக்கு, ஆனா நாம சாப்பிடுற சோறு, குடிக்கிற தண்ணி, நிக்கிற தரை எல்லாமே இந்த தோலுக்குள்ள தான். இந்த தோலு நம்ம பேரப் பசங்க காலத்துலயும் வேலை செய்யணும், அதுக்கு இப்ப எவ்வளவு எடுக்கலாம் எவ்வளவு விட்டு வைக்கணும், எத தொட்டா எது அசையும்னு கண்டுபிடிக்கிறது தான் மேற்பரப்பு நிலைத்தன்மை ஆராய்ச்சின்னு சொல்றாங்க. பேரு தான் பெருசு, விஷயம் நம்ம வீட்டு வாசல்ல இருக்கு.

இப்ப ஆயா கேள்விக்கு வர்றேன். கடற்கரையில நின்னு அலைய காலுல வாங்கியிருப்பீங்க. அலை திரும்பி போகும்போது கால் அடியில இருக்குற மண்ண இழுத்துக்கிட்டு போகும், நீங்க கொஞ்சம் கொஞ்சமா உள்ள போவீங்க, கணுக்கால்ல இருந்த தண்ணி முழங்கால் பக்கம் வந்துடும். இப்ப தண்ணி ஏறுச்சா, நீங்க இறங்குனீங்களா, இல்ல மண்ணு போச்சா? நின்னுக்கிட்டு இருக்குற ஆளுக்கு மூணும் ஒண்ணு தான், தண்ணி மேல வந்துடுச்சு அவ்வளவு தான். ஆனா சரி பண்ணனும்னா எதுன்னு தெரிஞ்சாகணும். ஒரு கடலோர ஊரு கதையும் இதே தான். மூணு பேரு மேல சந்தேகம்: மண்ணு, கடல், தரை.

மண்ண முதல்ல பாப்போம், ஏன்னா வடசென்னையில பெரிய பங்கு இதுக்கு தான். நம்ம கரையில மண்ணு ஒரே இடத்துல இருக்காது, நடந்துக்கிட்டே இருக்கும். வருஷத்துல முக்கால்வாசி மாசம் அலை தெக்க இருந்து சாய்வா வரும், மண்ண வடக்க தள்ளும், ஐப்பசி கார்த்திகை வாடைக்காத்து வந்தா திரும்ப தெக்க தள்ளும், மொத்தமா கணக்கு போட்டா வடக்க போறது தான் ஜாஸ்தி. எங்க பெரியப்பா மாதிரி தொழிலுக்கு போறவங்க இத தெண்டி, வன்னின்னு சொல்லுவாங்க, தெக்கருந்து வர்ற நீரோட்டம் தெண்டி, வடக்கருந்து வர்றது வன்னி. எந்த புக்குலயும் படிச்சது இல்ல, வலைய போட்டு கத்துக்கிட்டது.

இந்த நடந்து போற மண்ணுக்கு குறுக்க 1875ல மெட்ராஸ் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல்லு வெச்சாங்க. கடலுக்குள்ள நீட்டி சுவர் கட்டுனதும் தெக்க இருந்து வந்த மண்ணு அங்கயே நின்னுடுச்சு, நின்னு நின்னு சேந்தது தான் இன்னிக்கு இருக்குற அகலமான மெரினா. மெரினாவுல நாம உக்காந்து சுண்டல் சாப்பிடுற மண்ணு ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைக்கு வர வேண்டிய மண்ணு. வடக்க பங்கு வரல, ஆனா அலை வழக்கம் போல மண்ண எடுத்துக்கிட்டு போயிட்டே இருந்துச்சு. வரவு இல்லாம செலவு மட்டும் இருந்தா என்ன ஆகும், கரை உள்ள வந்துச்சு. ஆத்துல வர்ற மண்ணும் கொறஞ்சு போச்சு, கொசஸ்தலை ஆத்து மேல 1944ல பூண்டி ஏரி கட்டுனாங்க, குடிக்க தண்ணி வேணும், அது வேண்டாம்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா அணை தண்ணிய மட்டும் இல்ல மண்ணையும் பிடிச்சு வெச்சுக்கும். அந்த ஆத்துல ஒரு பங்கு தண்ணி ஆந்திரா பக்கத்துலருந்து தான் நம்ம ஊருக்கு வருது, பழவேற்காடு ஏரி பாதிக்கு மேல அந்த பக்கம் தான் இருக்கு. மேப்புல கோடு போட்டது நாம, தண்ணிக்கும் மண்ணுக்கும் அந்த கோடு தெரியாது.

இதுக்கு எதுக்கு வெளிநாடுன்னு கேப்பீங்க, துறைமுகம் நம்மளது மண்ணும் நம்மளது. கேள்வி நியாயம் தான். ஆனா இதே பிரச்சன உலகத்துல நிறைய ஊருல நடந்திருக்கு, ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு பண்ணி பாத்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல ட்வீட் ஆத்து முகத்துவாரத்துல 2001ல இருந்து ஒரு பக்கம் சேர்ற மண்ண பம்பு வெச்சு உறிஞ்சி குழாய் வழியா அடுத்த பக்கம் கொண்டு போய் கொட்டுறாங்க, மண்ணு பயணம் நிக்காம பாத்துக்குறாங்க. நெதர்லாந்துல 2011ல ஹேக் நகரம் பக்கத்துல 2 கோடி கன மீட்டருக்கு மேல மணல ஒரே இடத்துல மலை மாதிரி கொட்டி, காத்தும் அலையும் அத தானா கரை முழுக்க பரப்பட்டும்னு விட்டாங்க, மணல் மோட்டார்னு பேரு. நம்ம பக்கம் கல்லு கொட்டுனாங்க, கரையிலருந்து கடலுக்குள்ள கல்லு சுவரு நீட்டி தூண்டில் வளைவு போட்டாங்க. கல்லு போட்ட இடம் நின்னுச்சு, அதுக்கு வடக்க இருக்குற குப்பம் அரிச்சுது, அப்புறம் அங்கயும் கல்லு கேட்டாங்க.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும். அங்க பண்ணத அப்படியே தூக்கிட்டு வந்து இங்க வெச்சா ஒத்து வராது. அவங்க கடல் வேற, நமக்கு வருஷத்துல ரெண்டு தடவ நீரோட்டம் திசை மாறுது, புயல் வருது, ஃபைபர் படக இழுத்து வைக்க எங்களுக்கு மணல் வேணும். அவங்க எப்படி அளந்தாங்க, எது தப்பா போச்சு, எத்தன வருஷம் பொறுத்து பாத்தாங்கன்னு கத்துக்கணும், அந்த கணக்க நம்ம கடலுக்கு நாம போடணும். என்னைக் கேட்டா கூட்டு ஆராய்ச்சியில பாதி லாபம் அடுத்தவன் பண்ண தப்பு முன்னாடியே தெரிய வர்றது தான்.

ரெண்டாவது சந்தேகம் கடல். கடல் நிஜமாவே ஏறுது, இதுல ரெண்டு கருத்து இல்ல. 1993ல இருந்து இப்ப வரைக்கும் உலக சராசரியா சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. ஏன் ஏறுதுன்னா, கடல் சூடாகுது, சூடான தண்ணி விரியும், பால் பொங்குற மாதிரி இல்ல, மெதுவா. இன்னொன்னு கிரீன்லாந்து, அன்டார்டிகா, மலை உச்சியில இருக்குற ஐஸ் உருகி கடலுக்கு வருது. அப்ப எண்ணூர்ல தண்ணி ஏறுறதுக்கு காரணம் தேடி அன்டார்டிகா வரைக்கும் போகணும். அன்டார்டிகா எந்த நாட்டு சொத்துன்னும் வெச்சுக்க முடியாத இடம், 1959ல போட்ட ஒப்பந்தப்படி அங்க அமைதியான வேலைக்கு மட்டும் தான் இடம், ஆராய்ச்சியில எடுக்குற அளவ எல்லாரும் பகிர்ந்துக்கணும். இந்தியா 1983ல அதுல சேந்துச்சு, இப்ப மைத்ரி, பாரதின்னு ரெண்டு நிலையம் நடத்துது.

கடல் எவ்வளவு சூடாகுதுன்னு பாக்க ஆர்கோன்னு ஒரு திட்டம் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது இது. ஆள் உயரத்துக்கு ஒரு குழாய் மாதிரி மிதவை, அத கடல்ல போட்டுட்டா அது பாட்டுக்கு 1,000 மீட்டர் ஆழத்துல மிதந்துக்கிட்டு இருக்கும், பத்து நாளுக்கு ஒரு தடவ 2,000 மீட்டர் வரைக்கும் இறங்கி, அங்கருந்து மேல வர்ற வழியெல்லாம் சூடு எவ்வளவு உப்பு எவ்வளவுன்னு அளந்துக்கிட்டே வந்து, மேல வந்ததும் சேட்டிலைட்டுக்கு சொல்லிட்டு திரும்ப முங்கிடும். சுமார் 4,000 மிதவை இப்படி உலகம் முழுக்க இருக்கு, 30 நாடு பக்கம் சேந்து போடுறாங்க, இந்தியா பங்கு ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ன்ற கடல் தகவல் மையம் பாத்துக்குது. ஒரு நாடு மட்டும் போட்டா தன் கரையோரம் மட்டும் தான் போடும், கடலுக்கு நடுவுல யாரு போடுவா? யாருக்கும் சொந்தம் இல்லாத இடத்த எல்லாரும் சேந்தா தான் அளக்க முடியும். வங்காள விரிகுடாவுல புயல் கிளம்புறப்ப அது எவ்வளவு பலமாகும்னு கணக்கு போட கடலோட உள் சூடு தெரியணும், அதுக்கும் இந்த அளவு தான் கை குடுக்குது.

கடல் மட்டத்த மேல இருந்து அளக்குற சேட்டிலைட்டும் பெரும்பாலும் கூட்டு தான். 1992ல அமெரிக்காவும் பிரான்சும் சேந்து டோபெக்ஸ் பொசைடன் விட்டாங்க, 2013 பிப்ரவரியில இஸ்ரோவும் பிரான்சும் சேந்து சரல்னு ஒண்ணு, அதுவும் இதே ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தான் போச்சு. அன்னிக்கும் நாங்க மாடியில நின்னு தான் பாத்திருப்போம், என்ன போகுதுன்னு யாரு கேட்டா.

மூணாவது, தரை இறங்குறது. இது தான் கண்ணுக்கே தெரியாது, நாமளும் சேந்து தானே இறங்குறோம். நிலத்தடி தண்ணிய ஓவரா உறிஞ்சுனா மண்ணு துகளுக்கு நடுவுல இருந்த தண்ணி போய், மண்ணு அமுங்கும், பஞ்சு மெத்தை மாதிரி. இந்தோனேசியாவுல ஜகார்த்தா, அதுலயும் குறிப்பா கடலோரமா இருக்குற வட ஜகார்த்தா, இப்படி தான் சில இடத்துல சில மீட்டர் இறங்கிப் போச்சு, கடல் ஏறுனது அதுல கொஞ்சம் தான். அங்க இருக்குறவங்களும் மீன்பிடி குப்பம், துறைமுகம், குடோன், லாரின்னு நம்ம மாதிரி ஜனம் தான்.

நம்ம பக்கம் நிலத்தடி தண்ணி கதைன்னா மீஞ்சூர். 1966ல இருந்து 69 வரைக்கும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் உதவியோட ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு பக்கம் ஆராய்ச்சி பண்ணி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் நல்ல தண்ணி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அங்க கிணறு போட்டு மெட்ராஸுக்கும் இங்க இருக்குற தொழிற்சாலைக்கும் தண்ணி எடுத்தாங்க. எடுத்தாங்க எடுத்தாங்க எடுத்துக்கிட்டே இருந்தாங்க, நல்ல தண்ணி காலியான இடத்துல கடல் தண்ணி உள்ள வந்துடுச்சு. 1969ல கரையிலருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் இருந்த உப்பு 1987ல சுமார் 9 கிலோமீட்டர் உள்ள போயிடுச்சு. வெளிநாட்டு உதவி தண்ணி எங்க இருக்குன்னு காட்டுச்சு, எவ்வளவு எடுக்கணும்ன்ற கட்டுப்பாடு நம்ம கையில இருந்துச்சு, அதுல கோட்டை விட்டோம். ஆராய்ச்சி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறவங்களுக்கு நான் மீஞ்சூர தான் காட்டுவேன். அப்புறம் 2011ல இருந்து 2014 வரைக்கும் ஐரோப்பிய யூனியன் பணத்துல சாஃப் பானின்னு ஒரு திட்டம் நடந்துச்சு, அண்ணா பல்கலைக்கழகம் அதுல இருந்துச்சு, ஆத்துல தடுப்பணை கட்டுனா எவ்வளவு தண்ணி திரும்ப நிலத்துக்குள்ள இறங்குதுன்னு நம்ம ஆரணி ஆத்துலயே அளந்து பாத்தாங்க. இது நல்ல விதம், தோண்டுறதுக்கு இல்ல திருப்பி குடுக்குறதுக்கு ஆராய்ச்சி.

தரைக்குள்ள இருக்குற தண்ணிய மேல இருந்தே எடை போட முடியும்னா நம்புவீங்களா? அமெரிக்காவும் ஜெர்மனியும் சேந்து 2002ல கிரேஸ்னு ரெட்டை சேட்டிலைட் விட்டாங்க, ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில 2017 வரைக்கும் போச்சு. கீழ கனமான இடம் வந்தா முன்னாடி போறது கொஞ்சம் வேகமா இழுக்கப்படும், இடைவெளி மயிரிழை மாறும், அந்த மாத்தத்த வெச்சு கீழ எவ்வளவு எடை கூடுச்சு கொறஞ்சுதுன்னு சொல்லிடுவாங்க. 2002ல இருந்து 2008க்குள்ள ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பக்கம் 109 கன கிலோமீட்டர் நிலத்தடித் தண்ணி காலியானது இப்படி தான் தெரிஞ்சுது. 109 கன கிலோமீட்டர்னா பூண்டி ஏரி நிறைஞ்சு தளும்புனா எவ்வளவோ, அது மாதிரி ஆயிரத்துக்கு மேல ஏரி. உறிஞ்சுன தண்ணியில பெரும்பகுதி கடைசியில எங்க போகும்? கடலுக்கு தான். அங்க வயலுக்கு மோட்டார் போட்டது இங்க கடல் மட்டத்துலயும் ஒரு சொட்டு சேருது.

இப்ப நிசார் என்ன பண்ணுதுன்னு புரியும். ரேடார் அலைய கீழ அனுப்பி திரும்பி வர்றத வாங்கும், பன்னெண்டு நாளு கழிச்சு அதே இடத்துக்கு மேல வந்து திரும்ப அனுப்பும், ரெண்டு தடவைக்கும் நடுவுல தரை ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் அலை திரும்பி வர்ற விதம் மாறிடும். மேகம் இருந்தாலும் ராத்திரியானாலும் தெரியும். ரெண்டு ரேடார், ஒண்ணு நாசா செஞ்சது, இன்னொன்னு அகமதாபாத்ல இஸ்ரோ செஞ்சது. ஒப்பந்தம் போட்டது 2014 செப்டம்பர்ல, மேல போனது 2025ல, பதினோரு வருஷம். நடுவுல 12 மீட்டர் அகல ஆன்டெனாவுக்கு சூடு தாங்க பூச்சு பூசணும்னு பெங்களூர்ல இருந்து திரும்ப அமெரிக்காவுக்கே தூக்கிட்டு போய் 2024 அக்டோபர்ல திருப்பி கொண்டு வந்தாங்க. கூட்டு வேலைன்னா கைகுலுக்கி போட்டோ எடுக்குறது இல்ல, இந்த மாதிரி பொறுமை தான்.

சரி, இத்தன பேரு அளக்குறாங்க, இவங்க அளவெல்லாம் எப்படி ஒண்ணா சேருது? இது தான் இந்த மொத்த விஷயத்துக்கும் அஸ்திவாரம்னு நான் நினைக்கிறேன். கொத்தனார் வேலை பாத்திருப்பீங்க, மூலைக்கு மூலை டியூப்ல தண்ணி புடிச்சு மட்டம் பாப்பாங்க. ரெண்டு மேஸ்திரி ரெண்டு பக்கம் வேற வேற மட்டம் வெச்சு சுவரு எழுப்புனா மேல தளம் போடும்போது தெரியும் கதை. நாடுகளும் அப்படி தான். சென்னை துறைமுகத்துல கடல் மட்டம் அளக்குற கருவி இருக்கு, கொச்சியில இருக்கு, சிங்கப்பூர்ல இருக்கு, ஒவ்வொன்னும் எந்த புள்ளியிலருந்து அளக்குதுன்னு ஒரே கணக்குக்கு கொண்டு வந்தா தான் கூட்ட முடியும். இந்த வேலைக்காகவே 1933ல இருந்து இங்கிலாந்துல லிவர்பூல்ல ஒரு சேவை நடக்குது, உலகத்துல இருக்குற துறைமுக அளவெல்லாம் அங்க ஒண்ணா சேருது. அதுக்கும் முன்னாடி, நம்ம துறைமுகத்துக்கு கல்லு வெச்ச அதே 1875ல பாரிஸ்ல 17 நாடு உக்காந்து ஒரே மீட்டர் ஒரே கிலோன்னு கையெழுத்து போட்டாங்க. அது இல்லன்னா இன்னிக்கு ஒரு சென்டிமீட்டர்ன்ற பேச்சே கிடையாது.

அளந்தா மட்டும் போதாது, குடுக்கணும். அமெரிக்காவோட லேண்ட்சாட் சேட்டிலைட்டுங்க 1972ல இருந்து பூமிய படம் எடுக்குது, ஆனா ரொம்ப காலம் ஒரு படத்துக்கு நூத்துக்கணக்குல டாலர் கேட்டாங்க, நம்ம ஊரு காலேஜ் பசங்களால வாங்க முடியுமா. 2008ல ஃப்ரீயா குடுக்குறோம்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் தான் உலகம் முழுக்க ஆராய்ச்சி பொங்கி வழிஞ்சுது. ஐரோப்பாவோட சென்டினல் படமும் ஃப்ரீ தான், 10 மீட்டர் வரைக்கும் தெளிவு. நம்ம பக்கம் இன்னும் தயக்கம் இருக்கு, கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுதுன்ற அளவு பாதுகாப்பு காரணம்னு சொல்லி பொதுவுல கிடைக்காது. காரணம் இருக்கலாம். ஆனா பூட்டி வெச்ச அளவு வெள்ளம் வர்றப்ப யாருக்கும் உதவாதுன்னு தான் எனக்கு படுது.

குடுக்காததோட விலை என்னன்னு எங்களுக்கு தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில 6.28க்கு சுமத்ரா பக்கம் நிலநடுக்கம். அலை சென்னைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு மணி நேரம்! பூகம்பம் வந்தது உலகத்துல நிறைய நிலையத்துல பதிவாச்சு, பசிபிக் கடலுக்கு பல வருஷமா சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருந்துச்சு, இந்தியப் பெருங்கடலுக்கு இல்ல. அன்னிக்கு ஞாயித்துக்கிழம, குப்பத்துல பசங்க மணல்ல கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க. இதுக்கு மேல அந்த நாள பத்தி நான் எழுதல. அதுக்கப்புறம் 2007 அக்டோபர்ல ஹைதராபாத்ல சுனாமி மையம் ஆரம்பிச்சாங்க, இப்ப இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூணு நாடும் மொத்த இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் எச்சரிக்கை குடுக்குது. கருவி கண்டுபிடிச்சது புதுசு இல்ல, நாடுங்க ஒருத்தருக்கு ஒருத்தர் உடனே சொல்லணும்னு ஒத்துக்கிட்டது தான் புதுசு.

மேல இருந்து பாக்குறதுக்கு ஒரு குறை இருக்கு, அது சொல்றது சரியான்னு கீழ ஒருத்தர் போய் பாக்கணும். கர்நாடகாவுல கபினி ஆத்து பக்கம், நம்ம காவிரிக்கு வந்து சேர்ற ஆறு தான் அது, பெங்களூர் ஐஐஎஸ்சின்ற அறிவியல் கழகமும் பிரான்ஸ் நாட்டு ஐஆர்டின்ற ஆராய்ச்சி நிறுவனமும் இருபது வருஷத்துக்கு மேல ஒண்ணா அளந்துக்கிட்டு இருக்காங்க. பேரம்பாடின்னு ஒரு இடத்துல விவசாயி கிணத்து மட்டம், மண்ணு ஈரம், பயிரு எல்லாம் கணக்கு எடுக்குறாங்க, சேட்டிலைட்டு சொல்ற மண்ணு ஈரம் சரியான்னு அங்க மண்ணுல கருவி குத்தி சரி பாக்குறாங்க. மேல கோடி கோடியா செலவு பண்ணி பறக்குறதுக்கு கீழ சேத்துல நிக்கிற ஆள் தான் சாட்சி.

அந்த சாட்சிக்கு மரியாத குடுக்குறாங்களான்றது தான் எனக்கு இருக்குற வருத்தம். சில வருஷம் முன்னாடி வெளியூர்ல இருந்து ஒரு டீம் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தாங்க, எங்க பெரியப்பா படகுல தான் போனாங்க. எங்க சேறு ஆழம், எந்த இடத்துல முன்னாடி எறா நிறைய கெடச்சுது, அனல் மின் நிலையத்து சாம்பல் தண்ணி எந்த பக்கம் வருதுன்னு எல்லாம் அவரு தான் காட்டுனாரு, பாட்டில் பாட்டிலா தண்ணியும் சேறும் எடுத்துக்கிட்டு போனாங்க. ரிசல்ட்டு என்ன ஆச்சுன்னு அவரு ரொம்ப நாள் கேட்டுக்கிட்டு இருந்தாரு, "சார் ஒண்ணும் சொல்லலியே தம்பி"ன்னு. இன்னி வரைக்கும் ஒரு தாளு வரல. இந்த மாதிரி வந்து எடுத்துட்டு போறதுக்கு பாராசூட் சயின்ஸ்னு பேரே வெச்சிருக்காங்க. 2022ல கேப் டவுன்ல நடந்த மாநாட்டுல இருந்து ஒரு அறிக்கை வந்துச்சு, பணக்கார நாடும் ஏழை நாடும் சேந்து ஆராய்ச்சி பண்றப்ப கேள்விய முடிவு பண்றதுலருந்து பேரு போடுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் சம பங்கு வேணும்னு. நான் இன்னும் ஒரு படி போய் சொல்லுவேன், நாட்டுக்குள்ளயும் அதே பங்கு வேணும், ஐஐடிக்கும் குப்பத்துக்கும் நடுவுல.

பணம் யாரு போடுறான்னு கேக்குறவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். 2009ல பெல்மான்ட் ஃபோரம்னு பல நாட்டு நிதி அமைப்புங்க சேந்து ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அவங்கவங்க நாடு அவங்கவங்க விஞ்ஞானிக்கு பணம் குடுக்கும், ஆனா கேள்வி பொதுவா இருக்கும், இந்தியாவும் அதுல உண்டு. 2012ல ரியோ மாநாட்டுல ஃபியூச்சர் எர்த்னு ஒரு வலையமைப்பு அறிவிச்சாங்க, அதுல விஞ்ஞானி மட்டும் இல்லாம அந்தந்த இடத்து ஜனத்தையும் சேத்து கேள்விய உருவாக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க. எழுதுனது சரி, எங்க படகுக்கு அது வரணும்.

ஆயாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன்? மூணும் சேந்து தான் ஆயா, ஆனா உன் தெருவ முக்கியமா எடுத்தது மண்ணு வராம போனது, கடல் ஏறுறது இனிமே வர்ற வருஷத்துக்கு பெரிய கவலை, தரை இறங்குதான்னு இப்ப மேல போனது அளந்து சொல்லும்னேன். போன்ல கூகுள் எர்த் டைம்லேப்ஸ் போட்டு காட்டுனேன், நீங்களும் பாக்கலாம், காசு கிடையாது. 1984ல இருந்து வருஷ வாரியா எண்ணூர் கரை அசையும், 2001ல எண்ணூர் துறைமுகம் முளைக்கும், அதுக்கு வடக்க காட்டுப்பள்ளி கரை மாறும், கழிமுகத்துல சாம்பல் நிறம் பரவும், எல்லாம் ஒரு நிமிஷத்துல ஓடிடும். ஆயா கண்ணாடிய போட்டுக்கிட்டு ரெண்டு தடவ பாத்தாங்க.

"இதுக்கு முன்னாடி காட்டு"ன்னாங்க.

இதுல இல்ல ஆயா, 84ல இருந்து தான் இருக்குன்னேன். "எங்கூடு 84க்கு முன்னாடியே பூடுச்சேடா." கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே எழுந்து செருப்ப மாட்டிக்கிட்டு வா வான்னாங்க. கல்லு மேல ஏறி நின்னு கையக் காட்டி சொல்ல ஆரம்பிச்சாங்க, அதோ அந்த அலை உடையுதே அங்க தான் நல்ல தண்ணி கிணறு, நாலு வூட்டுக்கு பொது, அதுக்கு அந்தாண்ட வலை காயப்போடுற மணலு, அதுக்கும் அந்தாண்ட தான் கரை, கிணத்துலருந்து கரைக்கு நடந்தா எத்தன எட்டுன்னு கூட சொன்னாங்க. நான் போன்ல நாங்க நின்ன இடத்த குறிச்சுக்கிட்டு, ஆயா கை காட்டுன திசையையும் எட்டுக் கணக்கையும் தேதி போட்டு எழுதிக்கிட்டேன். பக்கத்து வூட்டு தாத்தாவையும் கேக்கணும், அவரு கிணறு இன்னும் கொஞ்சம் வடக்கன்னு சொல்றாராம்.